தெற்கெல்லைச் சுவடுகள் – 17: சீனப் பரணியின் ஊர்

சென்ற இதழில் குளச்சல் கடற்கரையில் நின்றோம். 1741இல் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற டச்சுக்காரர்களில் ஒருவரான டிலனாய், கைதியாக நின்ற அதே மண்ணில் தளபதியாக உயர்ந்த கதையை இந்த வாரம் தொடர்வதாகச் சொல்லியிருந்தேன். கொஞ்சம் பொறுங்கள். நடுவில் ஒரு வீட்டுக்குப் போக நேர்ந்தது. அங்கே பார்த்த ஒரு சாமான் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, பெருவழியை விட்டுச் சற்று உள்ளே தள்ளிய ஓட்டு வீடு அது. எனக்கு அத்தை முறை ஆகும் ஒருவர் தனியாக இருக்கிறார். அடுக்களைக்குப் பின்னால் விறகு போடும் சாய்ப்பில், தென்னை ஓலைக்கும் உடைந்த அம்மிக்கும் நடுவே, இடுப்பு உயரத்துக்கு ஒரு பரணி நின்றது. (பரணி என்றதும் கலிங்கத்துப் போரை நினைக்கும் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்தில் பரணி என்றால் ஜாடி. யானையும் பேயும் அதில் இல்லை. மாங்காய்தான்.)

"அத்தே, இது எந்தக் காலத்துப் பரணி?"

"எனக்க மாமியாருக்க மாமியாரு குழித்துறையிலேருந்து கொண்டுவந்த சாதனமாக்கும். சீனாவில உள்ளது."

"சீனாவுல உள்ளதுன்னு எப்படித் தெரியும்?"

"சீனப்பரணின்னா பின்னே எங்க உள்ளது? நல்ல கேள்வியாட்டு இருக்கே. மரச்சீனியும் அங்கேருந்துதானே மக்கா வந்தது?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த பதில்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கின் சொந்த ஊர் தென்னமெரிக்கா. திருவிதாங்கூரில் அதைப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். சீனாவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் அது மரச்சீனிதான். எண்ணெய்ச் சட்டி சீனச்சட்டி, கொச்சியில் மீன் பிடிப்பது சீனவலை, உப்பிலிடுவது சீனப்பரணி. எங்கள் முன்னோருக்குச் சீனம் என்பது ஒரு நாட்டின் விலாசமாக இருந்ததில்லை. கப்பலில் வந்தது, கெட்டியானது, நம்மூரில் செய்ய வராதது என்ற மூன்றும் சேர்ந்தால் அது சீனம்.

பரணியை வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்தோம். இரண்டு பேர் சேர்ந்தும் மூச்சு வாங்கியது. கடும் பழுப்பு நிறம், வெயில் படும் இடத்தில் கறுப்புத் தேன் மாதிரி. மேலே ஊற்றிய மெருகு தோளிலிருந்து வழிந்து, அடிக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் மெழுகுவத்தி ஒழுகியதுபோல் தடித்த சொட்டுகள். அதற்குக் கீழே வெறும் மண், செம்பழுப்பு, சொரசொரப்பு. தோளில் கயிறு கோக்க நான்கு காது, ஒன்று உடைந்து அதன் தழும்பு மட்டும் இருக்கிறது. உள்ளே கையை விட்டுத் தடவினால் வயிற்றின் நடுவில் வளையமாக ஒரு மேடு தட்டுப்படும். கீழ்ப்பாதியையும் மேல்பாதியையும் தனித்தனியாக வனைந்து ஒட்டிய இடம் அது. அந்த மேட்டை ஒட்டி வரிசையாகச் சின்னக் குழிகள். ஒட்டுவதற்கு அழுத்திய விரல்கள். என் விரலை வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. வனைந்தவருக்கு என்னைவிடச் சிறிய கை.

இந்தப் பரணியை எங்கள் ஊர்க் குயவர்கள் ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். மண்பானை எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரிச் சூட்டில் வெந்துவிடும். அது தண்ணீரைக் கசியவிடும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. தண்ணீருக்கு அது வரம், உப்புமாங்காய்க்குச் சாபம். மாங்காயும் உப்பும் சேர்ந்த புளிப்பு நீர் மண்பானையின் சுவரில் ஊறிப் பொரியும். பித்தளையில் ஊற்றினால் களிம்பு ஏறும். மரத்தில் ஊற்றினால் பூசணம். 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு, மேலே கண்ணாடிபோல் மெருகு உருகிப் படிந்த பாண்டம் எதையும் குடிக்காது, எதற்கும் இளகாது. அந்தச் சூட்டுக்கு நீண்ட சூளை வேண்டும், மலைச்சரிவில் பாம்புபோல் ஏறும் சூளை. அது சீனத்திலும் அதன் தெற்கே உள்ள நாடுகளிலும் இருந்தது. நம்மிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால் மண் நம்மிடமே இருந்தது. பீங்கானுக்கு உயிரான வெள்ளைக் களிமண்ணுக்குக் கயோலின் என்று பெயர். சீனப் பீங்கான் நகரமான ஜிங்தெசென் அருகே உள்ள காவ்லிங் என்ற மேட்டின் பெயர்தான் அப்படித் திரிந்தது. அந்த மண் திருவனந்தபுரத்தை அடுத்த தோன்னைக்கல்லிலும் கொல்லத்துப் பக்கம் குண்டறையிலும் கண்ணைப் பறிக்கும் வெண்மையில் கிடக்கிறது. குண்டறையில் பீங்கான் ஆலை எழுந்ததோ சர் சி.பி. திவானாக இருந்த காலத்தில். அதற்கு முந்தைய ஆயிரம் ஆண்டும், காலடியில் மண் கிடக்க, பரணிக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே வைத்தியர் வீட்டில் அரிஷ்டத்துக்கும் குழம்புக்கும் பரணி. நெல் விளையும் வீட்டில் கண்ணிமாங்காய்க்குப் பரணி. வாயில் வாழையிலை, அதன்மேல் துணி, அதன்மேல் கயிறு. ஆடிமாத மழையில் மீன் கிடைக்காத நாளில்தான் கட்டு அவிழும். பரணி உடைந்த வீட்டில் ஒரு வருடத்து ருசி போயிற்று என்று அர்த்தம்.

இனி கடலுக்கு வருவோம். நெய்யாறு கடலில் சேரும் பூவாறும், ஆய் மன்னர்களின் துறைமுகமான விழிஞமும் நெய்யாற்றின்கரைச் சீமையில்தான் இருக்கின்றன. காந்தளூர்ச் சாலையில் கலத்தை அறுத்ததாக ராஜராஜனின் கல்வெட்டுகள் சொல்லும் செய்தியை வைத்து நூறு வருடமாக அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள். கலம் என்றால் கப்பலா, உண்கலமா? தேரூர்க்காரரான கவிமணி அந்தச் சாலையைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்குப் பிடித்தது வேறு. கப்பலுக்கும் பாத்திரத்துக்கும் தமிழில் ஒரே சொல். இந்தக் கடற்கரையில் ஒன்று வந்தால் மற்றதும் வந்தது.

விழிஞத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, மேற்காசியாவின் பச்சைநீல மெருகு ஓடுகளும், எண்ணெயோ மதுவோ ஏற்றி வந்த கூர்முனை ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. வடக்கே கொல்லத்தில், 2014இல் துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது கடலடி மண்ணோடு சீனக் காசுகளும் பீங்கான் ஓடுகளும் குவியலாக மேலே வந்தன. செய்தி பரவியதும் ஊரே சல்லடையோடு இறங்கியது. கிழக்குக் கரையில் ராமநாதபுரத்தை அடுத்த பெரியபட்டினத்தில், 1987இல் எ. சுப்பராயலு தலைமையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்தபோது, சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. லாங்சுவான் சூளைகளின் பச்சைப் பீங்கான், ஜிங்தெசெனின் நீலவெள்ளை, தெகுவாவின் வெண்பீங்கான் எல்லாம் 13, 14ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமா தமிழகக் கரையிலும் இலங்கையிலும் இந்த ஓடுகளைத் தேடி அலைந்தது தனிக் கதை. தமிழ்க் கல்வெட்டை வாசித்துப் பழகிய கண், கடைசியில் வயல்வரப்பில் விரல்நகம் அளவு ஓட்டைப் பொறுக்க இறங்கியது.

இந்த ஓடுகளுக்கு எழுத்துச் சாட்சியும் உண்டு. வாங் தயுவான் என்ற சீனப் பயணி 1349இல் முடித்த நூலில், கொல்லத்து வணிகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய சரக்குகளில் நீலவெள்ளைப் பீங்கானையும் சேர்க்கிறார். நாகப்பட்டினத்தில் சீனர்கள் எழுப்பிய கோபுரத்தில் 1267ஐக் குறிக்கும் எழுத்து இருந்ததைக் குறித்துவைத்தவரும் இவரே. அந்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

ஆனால் எனக்கு அவரைவிட அதிகம் உதவுபவர் இபன் பதூதா. அதே 1340களில் கீழைக்கடலில் பயணம் போன அவருக்குத் தவாலிசி என்ற நாட்டில் ஓர் அரசகுமாரி பரிசு கொடுத்து அனுப்பினாளாம். பட்டு, அரிசி, எருமை, ஆடு என்று நீளும் அந்தப் பட்டியலில் நான்கு மர்த்தபான் வருகிறது. மர்த்தபான் என்றால் பெரிய ஜாடிகள் என்று விளக்கம் சொல்லிவிட்டு, உள்ளே இருந்ததையும் சொல்கிறார்: இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய். எல்லாம் கடற்பயணத்துக்காக உப்பிட்டவை. எங்கள் அத்தை வீட்டு விறகுச் சாய்ப்பில் நிற்பது அதன் கொள்ளுப்பேத்தி என்று சொன்னால் நீங்கள் மறுக்க முடியாது.

மர்த்தபான் என்பது பர்மாவின் மொட்டமா துறைமுகம். அந்த வட்டாரத்துச் சூளைகளிலிருந்தும், சயாமிலிருந்தும், தென்சீனத்திலிருந்தும் வந்த பெரிய பழுப்பு ஜாடிகள் எல்லாமே அந்தத் துறைமுகத்தின் பெயரால் வழங்கின. வடஇந்தியாவில் இன்றும் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றுதான் பெயர். நாம் சீனம் என்றோம், அவர்கள் மர்த்தபான் என்றார்கள். இரண்டுமே உற்பத்தியான ஊரல்ல, ஏறிய ஊர், அல்லது ஏறியதாக நம்பப்பட்ட ஊர். பீங்கான் என்ற சொல்லும் இப்படித்தான். பாரசீகத்தில் பிங்கான் கிண்ணம், மலாயில் பிங்கான் தட்டு, மலையாளத்தில் பிஞ்ஞாணம். எந்தத் துறைமுகத்தில் எந்த வாயில் மாறியது என்று கணக்கு எடுத்து முடியாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரிய பரணிகள் பல வேளைகளில் விற்கும் சரக்காகவே வரவில்லை. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரபுக் கப்பல் ஒன்று கடலடியில் கிடைத்தது. ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சாங்ஷா கிண்ணங்கள். அவற்றில் பெரும்பகுதி உடையாமல் தப்பியதற்குக் காரணம், பெரிய பச்சைமெருகு ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி வைக்கப்பட்டிருந்ததுதான். கிண்ணம் சரக்கு, பரணி அதன் பெட்டி. கரைக்கு வந்ததும் சரக்கு அரண்மனைக்கும் பணக்காரர் வீட்டுக்கும் போகும், பெட்டி கைமாறிக் கைமாறி அடுக்களைக்கு வரும். பிஸ்கட் தீர்ந்த தகர டப்பாவில் ஊசி நூல் வைக்கிறோமே, அந்த புத்திதான்.

அரண்மனைக்குப் போனதைப் பார்க்க வேண்டுமானால் பாறசாலையிலிருந்து தெற்கே தக்கலைக்குப் போக வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லும் நாற்காலி இருக்கிறது. மேலே தலையைத் தூக்கினால் மரக்கூரையில் தொண்ணூறு வகைப் பூக்கள், கீழே கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புத் தரை. பார்ப்பவர்கள் இந்த மூன்றையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்து உண்ணும் ஊட்டுப்புரைக்குப் போங்கள். அங்கே பரணிகள் இருக்கின்றன. சீன வணிகர் தந்த பரிசு என்று அரண்மனைக்காரர்கள் சொல்வது உண்டு. பரிசாக வந்ததோ பெட்டியாக வந்ததோ, கடைசியில் அதில் ஊறியது ஆயிரம் இலைக்கு வேண்டிய ஊறுகாய். மன்னன் வீடும் அத்தை வீடும் இந்த விஷயத்தில் ஒன்று.

1795 வாக்கில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. பரணிகள் போகவில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்குக் கொடுத்த விலையை, 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பாய்ந்த குண்டுகளை, பத்தாம் பகுதியில் பார்த்தோம். இணைப்புக்குப் போராடிய நேசமணியின் கட்சி கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா வரவில்லை, அதோடு பாறசாலையும் அங்கேயே நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, சாவி கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அரண்மனைச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளையில் எல்லை தாண்டி, நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோவிலில் ஓர் இரவு தங்கி, திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிறது. அத்தையின் மாமியாரின் மாமியார் குழித்துறையிலிருந்து பாறசாலைக்குப் பரணியோடு வந்த வழியும் இதே வழிதான். அப்போது தாண்ட எல்லை இல்லை, குழித்துறை ஆறு மட்டும் இருந்தது.

சேகரிப்பு என்று இன்று நாம் சொல்வதைத் திருவிதாங்கூரில் வளர்த்தவர்கள் சித்திரைத் திருநாள் மகாராஜாவும், அவருக்குக் கலை ஆலோசகராக இருந்த அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸும். 1935இல் திறந்த சித்திரா கலைக்கூடத்தில் ரவிவர்மாவுக்குப் பக்கத்திலேயே சீன, ஜப்பானிய, திபெத்திய ஓவியங்களுக்கும் இடம் கிடைத்தது. ஆசியா முழுவதும் ஒரே கலைக் குடும்பம் என்ற எண்ணம் கசின்ஸுக்கு. பெரிய எண்ணம்தான். அடுக்களைப் பரணிக்கு அங்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுக்களைப் பரணியைத் தேடி வந்தவர்கள் வேறு ஆட்கள். 1925இன் நாயர் சட்டத்துக்குப் பிறகு தறவாடுகள் பாகம் பிரிந்தன. எழுபதுகளில் நிலச் சீர்திருத்தம் வந்தது, 1976இல் கூட்டுக் குடும்ப முறையே சட்டத்தில் முடிந்தது. நாலுகெட்டைப் பிரித்துக் கான்கிரீட் போட்ட வீடுகளிலிருந்து தூண், கதவு, கட்டில், உருளி, பரணி எல்லாம் வண்டியேறின. முதலில் ஆக்கிரிக்கடை, பிறகு மட்டாஞ்சேரியின் யூதத்தெரு. செட்டிநாட்டுச் சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனதுபோல. அங்கே பர்மாவிலிருந்து வந்த ஜாடிகளோடு ஸ்வீடன் எனாமல் தூக்குகளும் அடுக்கியிருக்கும். இங்கே கயிற்றுக்கட்டிலும் ஆமாடப்பெட்டியும்.

எங்கள் வீட்டிலும் ஒரு வண்டி நின்றது. சாம்பல் நிறத்தில் சின்னப் பரணி ஒன்று, கருப்பட்டி போட்டு வைப்பது. வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்து, விரலால் சுண்டி, "இது விள்ளலாக்கும், வெல இல்ல" என்றார். அம்மா அதை ஒரு எவர்சில்வர் குடத்துக்குக் கொடுத்தாள். குடம் இன்னும் இருக்கிறது. பரணி கணீரென்று ஒலித்தது என் காதிலும் இருக்கிறது. விள்ளல் விழுந்த பாண்டம் அப்படி ஒலிக்காது, டப்பென்று அடங்கும். அதை நான் தெரிந்துகொண்டது இருபது வருடம் கழித்து.

இப்போது பரணி வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்வது அடியைப் பாருங்கள் என்பதைத்தான். மெருகு நிற்கும் கோடு ஒழுங்கில்லாமல் இருக்க வேண்டும், அடியில் சூளை மணல் ஒட்டியிருக்க வேண்டும், உள்ளே இணைப்பு மேடு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேல்பாதி காப்பி நிறமும் கீழ்ப்பாதி வெள்ளையுமாக வரும் ஜாடிகள் நம் நாட்டு ஆலைச் சரக்கு. ஊறுகாய்க்கு உத்தமம், சீனத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. நீலவெள்ளைத் தட்டின் அடியில் ஆறு சீன எழுத்து இருந்தால் உடனே மயங்க வேண்டாம். காங்ஷி காலத்துக் குயவர்களே, அதாவது 1662க்கும் 1722க்கும் இடைப்பட்டவர்களே, இருநூறு ஆண்டு முந்தைய செங்குவா மன்னரின் முத்திரையைத் தங்கள் பாண்டத்தில் எழுதினார்கள். பழசுக்கு மரியாதை என்று ஒரு விளக்கம், வியாபாரம் என்று இன்னொன்று. அமிலத்தில் துடைத்து மினுக்கத்தை மங்கவைப்பதும் தேயிலைச் சாற்றில் கறை ஏற்றுவதும் அதற்குப் பின்னால் வந்த வித்தைகள்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972இல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பும் உரிமை அரசுக்கு மட்டுமே. கடல் வழியாக வந்த பரணி மீண்டும் கடல் ஏறக் கூடாது.

அத்தை வீட்டுப் பரணிக்கு வருவோம். அந்தக் கறுந்தேன் மெருகும் தடித்த சொட்டும் மர்த்தபான் வகையைத்தான் காட்டுகின்றன என்பது என் கணிப்பு. அதைச் சொன்னபோது அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "பர்மாவோ சீனாவோ, எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம்தானே" என்றார்கள். உப்பிலிட்டுப் பதினைந்து வருடமாகிறது, மூட்டு வலியில் அவ்வளவு மாங்காயை யார் கழுவுவது?

ஆனி மாதம் மறுபடி போனேன். வெளியே விடாத சாரல். சாய்ப்பில் பரணியின் மெருகு படாத அடிப்பகுதி நனைந்திருந்தது, ஓட்டுக் கூரையில் ஒழுக்கு இல்லை. உடைந்த காதின் தழும்பிலும் அடியைச் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"ஒவ்வொரு மழைக்கும் அது அப்படித்தான்" என்றார்கள் அத்தை, முற்றத்துத் தண்ணீரை ஈர்க்குச்சி வாரியலால் தள்ளிக்கொண்டே. "கெடந்த உப்பு வெளிய வருது."

(தொடரும். அடுத்த இதழில்: டிலனாயின் உதயகிரிக் கோட்டை)